பாட்டரி மட்டுந்தான் போயிற்று

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலை. பங்கு இல்லத்தின் பின்புறத்தில் உபதேசியார் காய்ந்த சருகுகளைக் கூட்டிக் குவித்துத் தீயிடுவதற்கு ஆயத்தமாக நின்றார். அந்தக் குவியலின்மீது வீசுவதற்கென்று நானும் ஒரு பொருளைக் கையில் எடுத்துச் சென்றேன். ஃபிட்னஸ் பேண்டு என்று இளைஞர்கள் வழங்கும் கறுப்புப் பட்டை அது. மூன்றரை ஆண்டுகளாக என் இடக்கை மணிக்கட்டை விட்டு அகலாதிருந்த அந்தப் பட்டை, ஒரு மாதமாக என்னைப் பெரிதும் சோதித்து வந்தது. பொறுமையைப் பற்றிப் பிறருக்குப் போதிக்கும் நான் என் பொறுமையை இழந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"சாமி, அதுக்குள்ள பாட்டரி இருக்குமே! நெருப்புல போட்டா வெடிக்கும்" என்று உபதேசியார் பதறித் தடுத்தார். அவருடைய பேரனின் விளையாட்டுக் கார் ஒன்று குப்பையோடு எரிந்தபோது எழுந்த சத்தம் தெரு முழுவதும் கேட்டதாம். "கடைத்தெருவுல ஒருக்காக் காட்டிப் பாருங்க" என்றும் சொன்னார். அன்று அவர் தடுத்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பத்து நாள்கள் கழித்தே நான் அறிந்துகொண்டேன்.

இந்தப் பட்டை என் கைக்கு வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். போடிநாயக்கனூரில் பங்குப் பணி என்பது சமவெளியில் மட்டும் முடிந்துவிடுவதன்று. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏலத் தோட்டங்களிடையே வாழும் குடும்பங்களைச் சந்திக்க வேண்டும். ஜீப்பு செல்லும் இடம் வரை ஜீப்பு. அதற்கு மேல் கால்நடை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு சரிவில் ஏறும்போது எனக்கு மூச்சுத் திணறி, நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. தேனியில் இதய மருத்துவர் சோதித்தார். துடிப்பின் ஒழுங்கு சில வேளைகளில் தவறுகிறது என்றார், மாத்திரைகள் தந்தார், நாள்தோறும் நடக்கச் சொன்னார். "ஏற்றத்தில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினால் நின்றுவிடுங்கள்" என்பது அவர் எனக்கிட்ட கட்டளை. அதைக் கேள்வியுற்ற என் அக்காள் மகன், "மாமா, இதைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று இந்தப் பட்டையை அனுப்பிவைத்தான்.

அதன் அடிப்பாகத்தில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். அந்த ஒளி தோலுக்குள் செல்கிறது. குருதி பச்சை ஒளியை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. இதயம் ஒரு முறை துடிக்கும்போது மணிக்கட்டில் குருதி கூடுகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. இந்தக் கூடுதல் குறைவை எண்ணியே பட்டை நாடித்துடிப்பைக் கணிக்கிறது. கையின் அசைவை உணரும் மற்றொரு நுண்கருவி காலடிகளை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், குளிரில் கை விறைத்திருந்தாலும் கணக்குப் பிசகும். மருத்துவரின் சோதனைக்கு இது ஈடாகாது. ஆயினும் தனிமையான மலைப்பாதையில், "சற்று நில்" என்று சொல்வதற்கு ஒரு துணை இருந்தது எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

அந்தத் துணைதான் தளர்ந்துவிட்டது. தொடக்கத்தில் ஒரு முறை மின்னேற்றினால் பத்து நாள்கள் உழைத்த பட்டை, பிறகு நான்கு நாள்கள், பிறகு ஒரு நாள், இறுதியில் அரை நாள் என்று சுருங்கியது. காலையில் நிரம்பியதாகக் காட்டும். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் கண்ணை மூடிவிடும். தயாரித்த நிறுவனத்துக்கு அக்காள் மகன் எழுதிக் கேட்டான். பாட்டரி மாற்றித் தரும் வழக்கமில்லை, வேண்டுமானால் புதிய பட்டையை விலைக் குறைப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பட்டையைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு திருகாணி கூட இல்லை. எல்லாம் பசையால் ஒட்டி மூடப்பட்டிருந்தது.

என் தந்தையார் பள்ளி ஆசிரியர். அவர் கையில் எச்.எம்.டி. கடிகாரம் இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அரசுத் தொழிற்சாலையின் கடிகாரங்கள் அன்று ஆசிரியர்களின் அடையாளமாகவே விளங்கின. தந்தையார் நாள்தோறும் காலை செபம் முடிந்ததும் அதற்குச் சாவி கொடுப்பார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு அமர்ந்திருக்கும் கடிகாரக்காரரிடம் அதைக் கொடுப்பார். அவர் பின்மூடியைத் திறந்து, துடைத்து, எண்ணெயிட்டுத் தருவார். தேய்ந்த உறுப்பு ஒன்றிருந்தால் அதை மட்டும் மாற்றுவார். மனிதன் செய்த பொருளை மனிதன் திறக்க முடியும் என்பது அன்று எவரும் ஐயுறாத உண்மை. அந்தக் கடிகார நிறுவனத்தை மூடுவதென 2016-இல் நடுவண் அரசு முடிவெடுத்துவிட்டது. தந்தையாரின் கடிகாரமோ இன்றும் சாவி கொடுத்தால் ஓடுகிறது.

உபதேசியாரின் சொல்லுக்கிணங்க அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்றேன். கைப்பேசி பழுதுபார்க்கும் ஓர் இளைஞர் பட்டையை வாங்கி, முகப்பின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். முகப்புக் கண்ணாடி ஒரு பக்கம் மயிரிழை அளவு எழும்பியிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"உள்ள பாட்டரி உப்பியிருக்கு ஃபாதர். இனிமே இதுக்குச் சார்ஜ் போடாதீங்க."

"அப்படியானால் இது முடிந்துபோனதுதானே, தம்பி?"

"பட்டைக்கு ஒண்ணும் இல்ல ஃபாதர். பாட்டரி மட்டுந்தான் போயிருக்கு."

அந்தச் சொல்லை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. பின்னர் அது என்னை விடவில்லை.

பாட்டரி ஏன் தேய்கிறது என்று அவரிடம் கேட்டேன். மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். இத்தகைய கருவிகளில் இருப்பது லித்தியம் பாட்டரி. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்துத் தகட்டிலிருந்து மறுபக்கத்துக் கரித்தகட்டுக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிறு பங்கு திரும்பாமல் கரித்தகட்டின்மேல் படலமாகப் படிந்துவிடுகிறது. முந்நூறு முதல் ஐந்நூறு முறை முழுமையாக ஏற்றி இறக்கிய பின் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடும். அதன் பிறகு சரிவு தொடரும். வெப்பம் அதற்குப் பெரும் பகை. எப்போதும் முழுமையாக நிரப்பியே வைப்பதும், முற்றிலும் வற்றவிடுவதும் அதற்கு ஆகாது. மூப்படைந்த பாட்டரிக்குள் வாயு உண்டாகிப் பை உப்புவதும் உண்டு. மலைக்குச் செல்லும் நாள்களில் ஜீப்பின் முன்கண்ணாடி ஓரத்தில், சுள்ளென்ற வெயிலில், பட்டையை வைத்து மின்னேற்றியது நானேதான். குற்றம் முழுவதையும் நிறுவனத்தின்மேல் சுமத்துவதற்கில்லை.

வேறு ஒரு செய்தியும் என் கண்ணில் பட்டது. லித்தியம் அயனிப் பாட்டரியை உருவாக்கியதற்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது: ஜான் குட்டினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ. அவர்களுள் குட்டினஃப் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரே அனைவரிலும் மூத்தவர். இந்தப் பாட்டரியின் இன்றியமையாத பகுதியான கோபால்ட்டு ஆக்சைடுத் தகட்டைப் பற்றிய ஆய்வை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது, 1980-இல் அவர் வெளியிட்டார். அவர் பிறந்தது 1922-இல். கணக்கிட்டுப் பார்த்தேன். அப்போது அவருக்கு ஏறத்தாழ என் வயதுதான். ஐம்பத்தேழு.

இது என்னை ஏன் தைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயர் அவர்களுக்கு நான் எழுதிய ஒரு கடிதம் அந்த நாள்களில் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. உடல்நிலை இடந்தரவில்லை என்றும், பங்குப் பொறுப்பினின்று என்னை முற்றாக விடுவித்து, குருக்களின் ஓய்வு இல்லத்துக்கு அனுப்பிவைக்குமாறும் அதில் கேட்டிருந்தேன். தேதி மட்டுமே இடப்படாமல் இருந்தது.

பட்டைக்குப் பொருத்தமான பாட்டரி போடியில் கிடைக்கவில்லை. பழைய பாட்டரியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொண்டே அதன் அளவை அறியலாம் என்று இளைஞர் விளக்கினார். 401020 என்றிருந்தால் பருமன் 4 மில்லிமீட்டர், அகலம் 10, நீளம் 20 என்று பொருளாம். அந்த எண்ணைப் பார்ப்பதற்காக முகப்பைச் சற்றே தூக்கிப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னார். "பத்து நாள் ஆகும் ஃபாதர்" என்று தயங்கினார். நான் சிரித்துவிட்டேன். அகலப் பாதை போடுவதற்கென்று 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன மதுரை - போடி இரயில், 2023 ஜூனில்தான் மீண்டும் எங்கள் நிலையத்தில் கூவியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இரயிலுக்குக் காத்திருந்த ஊர்க்காரர்களுக்குப் பத்து நாள்கள் ஒரு பொருட்டா?

பாட்டரி வந்தது. அறுவைச் சிகிச்சையை அருகிருந்து பார்க்க அனுமதி பெற்றேன். இளைஞர் தலைமுடி உலர்த்தும் கருவியால் முகப்பின் விளிம்பை மெல்லச் சூடாக்கினார். பசை இளகியதும், பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய தகட்டை இடுக்கில் செலுத்தி, நான்கு பக்கமும் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். முகப்பையும் உடலையும் காகிதம் போன்ற ஒரு கம்பிப் பட்டை இணைத்திருந்தது. அவசரப்பட்டு இழுத்தால் அது அறுந்துவிடும். பிறகு உண்மையிலேயே குப்பைதான். உள்ளே வெள்ளிநிறப் பையாகப் பாட்டரி தலையணை போல் உப்பியிருந்தது. அவர் இரும்புக் கருவி எதையும் அதன் அருகே கொண்டுபோகவில்லை. "குத்துப்பட்டா உடனே தீப்புடிக்கும் ஃபாதர்" என்றார். சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தார். இரண்டும் ஒருங்கே தொட்டுவிடாமல் காத்தார். புதியதைச் சரியான முனையில் பற்றவைத்து, சோதித்து, மீண்டும் பசையிட்டு மூடி, இரவு முழுவதும் பளுவின்கீழ் வைத்தார். கூலியும் பாட்டரியும் சேர்த்து 350 ரூபாய். "இனிமே தண்ணி படாமப் பாத்துக்கங்க. பழைய கட்டுமானம் இனி வராது" என்று எச்சரித்தார். மறுநாள் காலை பச்சை விளக்கு மினுக்கியது.

கழற்றிய பழைய பாட்டரியை அவர் குப்பையில் எறியவில்லை. முனைகளில் ஒட்டுநாடாவைச் சுற்றி, மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்தார். கழிவை முறையாகப் பெறுபவர்களிடம் சேர்க்கும் வரை அது அங்கேதான் இருக்கும். 2022-இல் வெளியான பாட்டரிக் கழிவு விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தியுள்ளன. பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசின் நுகர்வோர் துறை அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமோ, 2027 பிப்ரவரி 18 முதல் சிறு கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்க வேண்டும் என்று 2023-இல் சட்டமே இயற்றிவிட்டது. தண்ணீரில் பயன்படும் கருவிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்குண்டு. மூடிய பெட்டிகள் திறக்கும் காலம் மெல்ல வருகிறது.

மணலில் கிடந்த அந்தச் சிறு பையைப் பார்த்தபோது என் உடல் நடுங்கியது. சருகுக் குவியலும், உபதேசியாரின் கையிலிருந்த தீக்குச்சியும் நினைவுக்கு வந்தன. எங்கள் ஊருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தீக்கும் பாட்டரிக்கும் தொடர்பில்லை. ஆயினும் மார்ச்சு மாதத்துப் புல்லுக்கு ஒரு பொறி போதும் என்பதை எங்கள் ஊருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைப்பாதையில் உப்பிய பாட்டரியைக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தேன்; போதாதென்று அதை நெருப்பில் இடவும் துணிந்தேன்! பங்கு இல்லத்தில் குப்பை எரிக்கும் வழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டோம்.

பயன்படுத்தியதை வீசியெறியும் பழக்கத்தைக் குறித்து மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில் வருந்தி எழுதியதை நான் மறையுரைகளில் பன்முறை எடுத்துரைத்திருக்கிறேன். பொருளை வீசும் மனம் மனிதரையும் எளிதில் வீசும் என்பதே அவருடைய கவலை. நான் வீசவிருந்த மனிதர் யார் என்பதுதான் எனக்குப் புலப்படவில்லை.

அதைப் புலப்படுத்தியவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். முப்பது ஆண்டுகள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைக் கடந்து, ஏலத் தோட்டத்தில் காய் எடுத்தவர். ஏலச்செடியின் சரங்கள் அடித்தண்டிலிருந்து கிளம்பித் தரையோடு படர்பவை. குனிந்தும் குந்தியும் பழுத்த காயை மட்டும் தேர்ந்து எடுக்க வேண்டும். முப்பது நாற்பது நாள்களுக்கு ஒரு முறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். அவருக்கு முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. வீட்டில் முடங்கியிருப்பார் என்று எண்ணி ஒரு நாள் நற்கருணையோடு சென்றேன். வீடு பூட்டியிருந்தது. மாலையில் வழியில் எதிர்ப்பட்டார். ஏலக்காய்க் கிடங்கில் அமர்ந்து தரம் பிரிக்கும் வேலைக்குச் செல்கிறாராம்.

"ஓய்வெடுக்கக் கூடாதா, அம்மா?" என்றேன்.

"முட்டிதான தேஞ்சிருக்கு சாமி? கண்ணும் கையும் நல்லாத்தான இருக்கு. பச்சைக் காயி எது, வெளுத்த காயி எதுன்னு முப்பது வருசமாப் பாத்த கண்ணு இல்ல?"

என் மணிக்கட்டைக் காட்டி, "இது என்ன சாமி?" என்று கேட்டார். "நான் எத்தனை அடி நடந்தேன் என்று சொல்லும், அம்மா." அவர் வியந்தார். "நடந்தது உங்களுக்கே தெரியாதா?"

நானும் நாள்தோறும் பத்தாயிரம் அடி என்ற எண்ணைத் துரத்தியவன்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். மருத்துவ ஆய்வின் முடிவாக எழுந்த எண் அன்று அது. மூத்த பெண்களிடையே அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடமே நல்ல பயன் காணப்பட்டது. 7,500 அடிக்கு மேல் பயன் கூடவில்லை. பத்தாயிரத்தை எட்ட முடியாத நாள்களில் நான் என்னையே பழுதானவன் என்று தீர்ப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் மருத்துவரிடம் சென்றபோது முதன்முறையாகச் சரியான கேள்வியைக் கேட்டேன். "டாக்டர், என்னிடம் பழுதானது எது, நன்றாக இருப்பது எது?" அவர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். இதயத் தசையும் அடைப்பிதழ்களும் நன்றாக இருக்கின்றன. துடிப்பின் ஒழுங்கு மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது. மழையிலும் குளிரிலும் செங்குத்தான ஏற்றம் மட்டும் ஆகாது என்றார். அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து கடிதத்தைக் கிழித்தேன். வேறொன்று எழுதினேன். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மட்டும், மேட்டில் உள்ள சிற்றாலயத்துக்கு ஓர் இளங்குருவை உதவிக்கு அனுப்புமாறு ஆயர் அவர்களைக் கேட்டுக்கொண்டேன். இதற்குத் தேதியும் இட்டேன். பதில் சாதகமாகவே வந்தது.

அன்புள்ள வாசகர்களே, உங்கள் வீட்டு இழுப்பறையிலும் பழைய கைப்பேசியோ, பட்டையோ, கடிகாரமோ உறங்கிக்கொண்டிருக்கும். முகப்போ முதுகோ உப்பியிருந்தால் அதற்கு மின்னேற்ற வேண்டாம், அழுத்த வேண்டாம், குப்பையில் இட வேண்டாம். விளைவறிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். வீட்டில் திண்ணையில் அமர்ந்துவிட்ட பெரியவர் எவரேனும் இருந்தால், அவரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எது தேய்ந்தது என்பதை அவர் சொல்வார். எது தேயவில்லை என்பதையும் சொல்ல விடுங்கள்.

சென்ற வாரம் மேட்டுக்குச் சென்றுவந்தேன். நான்காவது திருப்பத்தில் பட்டை 121 என்று காட்டியது. ஒரு பாறையின்மேல் உட்கார்ந்துகொண்டேன். எண் 90-க்கு இறங்கிய பிறகு எழுந்து நடந்தேன்.